வரைகலை அட்டைகளின் வலியறிதல்

இலங்கையின் மேலைக் கரையிற் சிலாபத்திற்கு வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம் என நீண்டு கற்பிட்டிக் குடாநாட்டில் முடிவுறும் நிலப்பகுதி நெடுங்காலமாக மீனுக்கும் உப்புக்கும் பெயர்பெற்றது. 2011ஆம் ஆண்டு தொடக்கம் அது மின்னுக்கும் பெயர்பெறலாயிற்று. அவ்வாண்டு நுரைச்சோலையில் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையம், 2014இல் மூன்றாம் பொறித்தொகுதியும் நிறைவுற்றபோது 900 மெகாவாற்று வலுவுடையதாய், நாட்டின் மின்னிலையங்களுள் மிகப் பெரியதாயிற்று. அந்நிலையத்தின் அயலூர் இல்லங்களில் இளைஞர் விரும்பும் பொருள்களுள் மின்னை மிகுதியாக உண்பது ஒன்று உளது. அது கணினி விளையாட்டுக்கென அமைந்த வரைகலை அட்டை. பேச்சில் 'கிராபிக்ஸ் காட்' என வழங்குவது இதுவே.

உயர்தர அட்டை ஒன்றின் விலை இன்று இரண்டு இலட்சம் ரூபா முதல் ஆறு இலட்சம் ரூபாவையும் கடந்து செல்கின்றது. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்போ, கடல் கடந்து உழைப்பவர் அனுப்பிய பணமோ அவ்வொரு பொருளில் அடங்கிவிடுகின்றது. வாங்க முனையும் இளைஞர் வாங்குமுன் பல ஒப்பீடுகளைப் படிக்கின்றனர் என்பது உண்மையே. ஆயின் அவ்வொப்பீடுகளிற் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளில், தடையில்லா மின்னோட்டமுள்ள ஆய்வறைகளில், டாலரில் வருவாய் பெறுவோர்க்காகச் செய்யப்பட்டவை. அவை பொய்யல்ல, இக்கரையோரத்திற்கு அவை முழுமையானவையும் அல்ல. என்விடியா, ஏஎம்டி என்னும் இரு நிறுவனங்களின் உயர்தர அட்டைகளை ஒப்புநோக்கி, அவ்வொப்பீட்டில் இவ்விடத்தார் சேர்த்துக் காணவேண்டியவை எவை என விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டிற்கு ஓர் அளவுகோல் வேண்டும். திருக்குறளின் வலியறிதல் என்னும் அதிகாரம், செயலொன்றை மேற்கொள்வோன் அச்செயலின் வலிமையையும், தனது வலிமையையும், எதிரியின் வலிமையையும், துணையாவாரின் வலிமையையும் எடைபோடுதல் வேண்டும் எனக் கூறுகின்றது. அவ்வதிகாரத்தின் பிற்பகுதி வருவாயின் அளவறிந்து செலவிடுதலைப் பேசுகின்றது என்பதும் நோக்கத்தக்கது. போர்க்களத்திற்குச் சொல்லப்பட்ட இம்முறை கடைத்தெருவிற்கும் பொருந்தும்.

அட்டையின் தொழில்

முதலாவது செயலின் வலிமை. கணினித் திரையிலே தோன்றும் படம் நுண்ணிய புள்ளிகளின் கூட்டமாகும். பரவலாக வழங்கும் 'புல் எச்டி' திரையில் அகலத்திற்கு 1920, உயரத்திற்கு 1080 ஆக 2,073,600 புள்ளிகள் உள. '4கே' எனப்படும் திரையில் அவை 8,294,400. அஃதாவது நான்கு மடங்கு. விளையாட்டில் அசைவு இயல்பாகத் தோன்றவேண்டுமாயின் செக்கனுக்கு அறுபது படங்களேனும் புதிதாக வரையப்படல் வேண்டும். எனவே 4கே திரைக்குச் செக்கனொன்றிற்கு ஏறத்தாழ ஐம்பது கோடிப் புள்ளிகளின் நிறம் கணிக்கப்படுகின்றது.

கணினியின் மையச் செயலி இவ்வேலைக்கு ஏற்றதன்று. அது பல்வகைப்பட்ட சிக்கலான வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும் வல்லாளன் ஒருவனை ஒக்கும். வரைகலை அட்டையோ எளிய வேலையொன்றை ஒரே நேரத்திற் செய்யும் பெருங்கூட்டத்தை ஒக்கும். உடப்புக் கடற்கரையிற் கரைவலை இழுக்கும் காட்சி இதனை நன்கு விளக்கும். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றி நிற்போர் அனைவரும் அவ்வோசைக்கு இயைய ஒரே கணத்தில் இழுக்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஏவல் வேண்டியதில்லை. ஒரு குரல் போதும். வரைகலை அட்டையிலும் இவ்வாறே முப்பத்திரண்டு கணிப்புகள் ஒரு குழுவாகக் கட்டப்பட்டு, ஒரே கட்டளையை ஒருங்கே நிறைவேற்றுகின்றன. அத்தகைய குழுக்கள் பல நூறு ஒரே வேளையில் இயங்குகின்றன.

இவ்வமைப்பிற்கு ஒரு குறையும் உண்டு. கயிற்றைப் பற்றியோருட் சிலர் வேறு வேலைக்குத் திரும்பின் மற்றையோர் காத்து நிற்க நேரும். 'ரே டிரேசிங்' எனப்படும் ஒளிக்கதிர்த் தொடர்வு முறையில் இக்குறை பெரிதாகின்றது. நீரிற் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் நிழலின் மென்மையையும் மெய்போலக் காட்டுவதற்கு ஒவ்வொரு கதிரையும் பின்தொடர்ந்து கணித்தல் வேண்டும். ஒரு கதிர் மதிலிற் படும். அடுத்தது நீரிற் படும். குழுவின் ஒருமை குலையும். ஆதலின் இதற்கெனத் தனிச் சுற்றுகள் வேண்டப்பட்டன. என்விடியா 2018இலும் ஏஎம்டி 2020இலும் தம் விளையாட்டு அட்டைகளில் அவற்றை அமைத்தன. இத்துறையில் என்விடியா பெற்ற முன்னிலை பின்னர்க் குறைந்துள்ளதாயினும் முற்றும் நீங்கவில்லை.

இருவர் போட்டி

எதிரெதிர் நிற்கும் இரு நிறுவனங்களின் வரலாற்றை அறிதல் விலையின் வரலாற்றை அறிதலுமாகும். ஏடிஐ என்னும் நிறுவனம் 1985இற் கனடாவில் தோன்றியது. என்விடியா 1993இற் கலிபோர்னியாவில் ஜென்சன் குவாங் முதலிய மூவரால் நிறுவப்பட்டது. 1996இல் 'வூடூ' அட்டையால் முன்னணிக்கு வந்த திரீடிஎப்எக்ஸ் என்னும் மூன்றாம் நிறுவனம் நிலைக்கவில்லை. அதன் உடைமைகளை வாங்குவதற்கு 2000இல் என்விடியா உடன்பட்டது. 1999இல் வெளிவந்த 'ஜீபோர்ஸ் 256', 2000இல் வெளிவந்த 'ரேடியொன்' ஆகிய பெயர்களே இன்றளவும் இரு குலங்களின் பெயர்களாய் நிற்கின்றன. 2006இல் ஏஎம்டி நிறுவனம் ஏடிஐயை ஏறத்தாழ 540 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று இரு நிறுவனங்களின் தலைவர்களும் தாய்வானிற் பிறந்தவர்கள். இரு நிறுவனங்களின் உயர்தரச் சில்லுகளும் தாய்வானின் டிஎஸ்எம்சி என்னும் ஒரே ஆலை நிறுவனத்திலேயே ஆக்கப்படுகின்றன. பகைவர் இருவர் ஒரே கொல்லனிடம் வாள் வடித்துக்கொள்வது போன்றது இது.

போட்டியினால் வாங்குவோர்க்கு விளையும் நன்மைக்கு 2008ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டு யூன் மாதத்தில் என்விடியா தன் உச்ச அட்டையாகிய ஜீபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 280ஐ 649 டாலருக்கு வெளியிட்டது. அதே மாதத்தில் ஏஎம்டி ரேடியொன் எச்டி 4870ஐ 299 டாலருக்கு வெளியிட்டது. இரண்டாவது சிறிது பின்தங்கியதாயினும் விலை பாதிக்குங் குறைவு. சில கிழமைகளுக்குள் என்விடியா தன் அட்டையின் விலையை 499 டாலராகக் குறைத்தது. வாதத்தினால் அன்று, எதிரியின் விலைச்சீட்டினால் அந்த 150 டாலர் குறைந்தது.

இன்று அந்நிலை உச்சியில் இல்லை. 2022இன் இறுதியில் இரு நிறுவனங்களும் உச்ச அட்டைகளை வெளியிட்டன: என்விடியாவின் ஜீபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090, விலை 1,599 டாலர், ஏஎம்டியின் ரேடியொன் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ், விலை 999 டாலர். ஏஎம்டியின் அட்டை போட்டியிட்டது 4090 உடன் அன்று, அதற்கு அடுத்த படியிலிருந்த 1,199 டாலர் விலையுடைய 4080 உடனேயே. 2024இல் ஏஎம்டியின் வரைகலைத் துறைத் தலைவர், உச்சியைப் பிடிப்பதினும் பலர் வாங்கத்தக்க விலையிற் சந்தையை விரிவாக்குவதே தம் முதல் நோக்கம் எனக் கூறினார். 2025 சனவரியில் 1,999 டாலர் விலையுடன் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5090 அட்டைக்கு எதிராக ஏஎம்டி எதனையும் நிறுத்தவில்லை. எதிரியில்லாத களத்தில் விலையைக் குறைக்க எவருக்கும் காரணம் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தொழிலுக்கு இத்தகைய சில்லுகள் பெருமளவில் வேண்டப்படுவதால், வெளிவந்த பின் பல மாதங்கள் அவ்வட்டை குறித்த விலைக்குக் கிடைப்பதும் அரிதாயிற்று.

உண்மையான போட்டி இரண்டாம் படியிலேயே நிகழ்கின்றது. 2025இன் தொடக்கத்தில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி ஆகிய இரண்டும் அங்கு எதிரெதிர் நிற்கின்றன. அறிவிக்கப்பட்ட விலை முறையே 749, 599 டாலர். இரண்டிற்கும் நினைவகம் 16 கிகாபைற்று. உண்ணும் மின்வலு முறையே 300, 304 வாற்று. வழக்கமான விளையாட்டுகளில் ஏஎம்டியின் அட்டை சில விழுக்காடே பின்தங்குகின்றது. ஒளிக்கதிர்த் தொடர்வு முழுமையாகப் பயன்படும் விளையாட்டுகளில் இடைவெளி பெருகுகின்றது.

எண்களின் பொருள்

விளம்பரங்களிற் காணும் எண்களுட் சில ஒப்பிடத்தக்கன, சில ஒப்பிடத்தகாதன. கணிப்புக் கருவிகளின் தொகை இரண்டாம் வகையைச் சார்ந்தது. 4080 அட்டையில் 9,728 என்றும் 7900 எக்ஸ்டிஎக்ஸ் அட்டையில் 6,144 என்றும் அவை எண்ணப்படுகின்றன. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர் முன்னது ஒன்றரை மடங்கு விரைவுடையது எனக் கருதுவர். ஒளிக்கதிர்த் தொடர்வு இல்லாத விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒத்தே ஓடுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிகளைத் தன் முறையில் எண்ணுகின்றது. இரு வேறு படிகளால் அளந்த நெல்லை எண்ணிக்கையால் ஒப்பிடுதல் கூடாது.

செக்கனுக்கு இத்தனை படம் என்னும் எண்ணும் இன்று விளக்கம் வேண்டி நிற்கின்றது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எப்எஸ்ஆர் ஆகிய முறைகள், சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் திருத்துகின்றன. இது வேலையைக் குறைக்கும் நல்ல முறையே. இதனோடு, வரைந்த இரு படங்களுக்கு இடையே புனைந்த படங்களைச் செருகும் முறையும் உண்டு. 2025இல் ஜீபோர்ஸ் 50 வரிசை வெளிவந்தபோது, வரைந்த ஒரு படத்திற்கு மூன்று புனைந்த படங்கள் வரை செருக முடிந்தது. 2025 சனவரியில் என்விடியா, 549 டாலர் விலையுடைய ஆர்டிஎக்ஸ் 5070 அட்டை 1,599 டாலர் விலையுடைய 4090 அட்டையின் திறனைத் தரும் எனக் கூறியது இவ்வெண்ணிக்கையை உட்கொண்டேயாம். புனைந்த படம் கண்ணிற்கு அசைவை மென்மையாக்கும்; ஆயின் விசையை அழுத்திய கைக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தை அது குறைப்பதில்லை. எனவே ஒப்பீடுகளைப் படிப்போர், குறித்த எண் வரைந்த படங்களுடையதா, புனைந்தவற்றையும் சேர்த்ததா என முதலிற் கேட்டல் வேண்டும்.

திரையின் எல்லையையும் மறத்தலாகாது. அறுபது படங்களைக் காட்டவல்ல புல் எச்டி திரைக்கு இருநூறு படங்களை வரையும் அட்டையைப் பூட்டினால், எஞ்சிய நூற்றுநாற்பதும் கண்ணுக்கு எட்டாமலே கழிகின்றன. அவற்றை வரைந்த மின்னுக்குக் கட்டணம் மட்டும் எட்டும்.

பணமும் மின்னும்

அடுத்தது தன்வலி. 2020 செப்தெம்பரில் என்விடியாவின் அக்காலத்து உச்ச அட்டையாகிய ஆர்டிஎக்ஸ் 3090, 1,499 டாலருக்கு வந்தது. அப்போது டாலர் ஏறத்தாழ 185 ரூபா; ஆகவே அதன் மதிப்பு ஏறத்தாழ 277,000 ரூபா. 2022 ஒற்றோபரில் 4090 வந்தபோது டாலர் விலை நூறே கூடியது. ஏழு விழுக்காட்டிற்குங் குறைவு. ஆனால் அவ்வாண்டு நாட்டை வருத்திய பொருளாதார நெருக்கடியால் டாலர் ஏறத்தாழ 365 ரூபாவாகியிருந்தது. ரூபாவில் அட்டையின் மதிப்பு ஏறத்தாழ 584,000. அஃதாவது இரு மடங்கிற்கும் மேல். 2025இன் தொடக்கத்தில் டாலர் ஏறத்தாழ 300 ரூபாவாக, 5090இன் மதிப்பு ஆறு இலட்சத்தை அணுகியது. வரியும் வணிகர் ஆதாயமும் இவற்றிற்கு மேற்பட்டவை. பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் 18 விழுக்காடாயிற்று. இரண்டாம் படியில் 5070 டிஐ, 9070 எக்ஸ்டி ஆகியவற்றிடையே உள்ள 150 டாலர் வேறுபாடும் வரிக்கு முன்னரே 45,000 ரூபாவாகும்.

விலை ஒருமுறை கொடுப்பது. மின்கட்டணம் மாதந்தோறும் கொடுப்பது. 5090 அட்டையின் உச்ச மின்வலு 575 வாற்று. வீடுகளிற் சுழலும் கூரை விசிறிகள் எட்டினை ஒருங்கே இயக்குவதற்கு இது ஏறத்தாழப் போதும். நாளொன்றுக்கு நான்கு மணி வீதம் மாதத்திற்கு 120 மணி முழு வலுவில் விளையாடின், அவ்வட்டை மட்டும் 69 அலகு மின்னை உண்ணும். 4090க்கு இது 54 அலகு. 7900 எக்ஸ்டிஎக்ஸ் அட்டைக்கு 43 அளவில். 9070 எக்ஸ்டி, 5070 டிஐ ஆகிய இரண்டிற்கும் 36 அளவில். கணினியின் ஏனைய உறுப்புகளும் திரையும் உண்பது வேறு.

இலங்கையின் இல்லக் கட்டணம் படிப்படியாக உயரும் முறையிலானது. மாதம் 60 அலகிற்கு உட்பட்டோர்க்கு ஒரு பட்டியலும், அதனைக் கடந்தோர்க்கு வேறொரு பட்டியலும் உண்டு. 60 அலகில் நின்ற இல்லமொன்று உச்ச அட்டையை வாங்கினால் 130 அலகை அணுகும். அப்போது புதிதாகச் செலவான அலகுகளுக்கு மட்டுமன்றி, முன்பு மலிவாகக் கிடைத்த அலகுகளுக்கும் கூடிய கட்டணம் செலுத்த நேரும். நிலைக் கட்டணமும் உயரும். 2022 ஓகத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் 66 விழுக்காடும் உயர்ந்ததையும், பின்னர் ஏறியும் இறங்கியும் வருவதையும் கருதினால், அட்டையின் மின்வலுவை அதன் விலையின் ஒரு பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.

வேகத்தையும் மின்னையும் சேர்த்து நோக்கின் மற்றோர் உண்மையும் புலப்படும். 4090இலிருந்து 5090க்கு மின்வலு 450இலிருந்து 575 வாற்றாக, ஏறத்தாழ 28 விழுக்காடு கூடியது. 4கே திரையில் வேகம் கூடியதோ காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை. கூடிய வேகத்தின் பெரும்பகுதி கூடிய மின்னினால் வந்ததே.

வெப்பமும் உப்பும்

இனித் துணைவலி. அட்டை தனித்து இயங்குவதன்று. அதனைச் சூழ்ந்த காற்றும், மின்னூட்டும் கருவியும், செருகியும் அதன் துணைகளாகும்.

அட்டை உண்ணும் மின் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. குளிர்விசிறி அவ்வெப்பத்தை அறைக்குள் தள்ளுமேயன்றி அழிப்பதில்லை. சில்லின் வெப்பநிலை அறையின் வெப்பநிலையோடு ஏறும். 20 பாகை செல்சியசு அறையில் 70 பாகை காட்டிய அட்டை, புத்தளத்தின் 32 பாகை நண்பகலில் ஏறத்தாழ 82 பாகை காட்டும். வரம்பை அணுகும்போது அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், விசிறியும் இரைச்சலிடும். எனவே ஆய்வறையில் அமைதியானது எனப் போற்றப்பட்ட அட்டை இங்கு அவ்வாறு இராதது வியப்பன்று. இவ்விடத்தாருக்குப் பெரிய வெப்பக் கடத்தியும் அகன்ற விசிறிகளும் உடைய அமைப்பு அழகுக்காக அன்றி ஆயுளுக்காக வேண்டப்படுவது.

உப்பு இரண்டாவது இடர். கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகின்றது. காற்றின் ஈரப்பதன் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது உப்பு நீரை ஈர்த்துக் கரைசலாகும். உப்பளத்தில் வெயில் உப்பிலிருந்து நீரைப் பிரிக்கின்றது; இரவில் நின்றுபோன கணினிக்குள் உப்புத் துகள் காற்றிலிருந்து நீரைச் சேர்க்கின்றது. அக்கரைசல் செருகிகளின் உலோகத்தை அரிக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இது மிகும். கணினியைக் கடல்நோக்கிய சாளரத்தினின்று விலக்கி வைத்தலும், தூசி வலையைக் கிழமைதோறும் துப்புரவாக்குதலும், பயன்படுத்தாத நாளிலும் சிறிது நேரம் இயக்கி உலர்த்தலும் செலவில்லாக் காப்புகளாம்.

செருகியைப் பற்றியும் சில கூறல் வேண்டும். 4090 அட்டையில் அமைந்த புதிய பதினாறு முனைச் செருகி 12 வோற்றில் 450 வாற்றைக் கடத்துகின்றது. அஃதாவது 37 அம்பியருக்கு மேல். 2022 ஒற்றோபர் முதல் அச்செருகிகள் சில உருகியதாகச் செய்திகள் வந்தன. முழுமையாகச் செருகப்படாமை பல நிகழ்வுகளுக்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பின்னர் 2023இல் அதன் அமைப்புத் திருத்தப்பட்டது. ஏஎம்டியும் குறையின்றி நின்றதில்லை. 7900 எக்ஸ்டிஎக்ஸ் அட்டையின் அந்நிறுவன அமைப்பிற் சிலவற்றின் ஆவியறையில் நீர்ம அளவு குறைந்தமையால் வெப்பம் 110 பாகையைத் தொட்டது. 2023இன் தொடக்கத்தில் நிறுவனமே அதனை ஒப்புக்கொண்டது. 7900 எக்ஸ்டிஎக்ஸ் அட்டையும் 9070 எக்ஸ்டி அட்டைகளிற் பெரும்பாலானவையும் பழைய எண்முனைச் செருகிகளையே கொண்டுள்ளன. பழைய மின்னூட்டுக் கருவி உடையார்க்கு இது ஒரு வசதி. நிறுவனங்கள் பரிந்துரைக்கும் மின்னூட்டுக் கருவியின் வலு 5090க்கு 1000 வாற்று. 5070 டிஐ, 9070 எக்ஸ்டி ஆகியவற்றிற்கு 750 வாற்று. இவ்வேறுபாடும் ரூபாவாக மாறும்.

மின்தடையை எண்ணாத ஒப்பீடு இந்நாட்டிற்கு ஒப்பீடாகாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் எழுந்த கோளாற்றால் நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று பொறித்தொகுதிகளும் நின்றுபோய் மீள நாட்கள் சென்றன. இல்லங்களிற் பரவலாகக் காணும் 650 விஏ அளவுள்ள யுபிஎஸ் கருவி நானூறு வாற்றிற்கு மேல் தாங்காது. 300 வாற்று அட்டையுடைய கணினியையே அது முழு விளையாட்டில் தாங்குதல் அரிது. 575 வாற்று அட்டையுடையதை ஒருபோதும் தாங்காது. அட்டையின் விலையோடு அதற்கேற்ற யுபிஎஸ் விலையையும் கூட்டாதவர் பாதிக் கணக்கே செய்தவராவர்.

தெரிவு

இந்நால்வகை எடையும் முடிந்தபின் தெரிவு எளிதாகும். புல் எச்டி திரையுடையார்க்கு இங்குக் கூறிய உயர்தர அட்டை எதுவும் வேண்டியதில்லை. இரண்டாம் படியின் பாதி விலையில் உள்ளவையே போதும். 2560க்கு 1440 புள்ளிகளுடைய திரையோ 4கே திரையோ உடையார்க்கு இரண்டாம் படியே தக்கது. விளையாட்டு ஒன்றே நோக்கமாயின், 45,000 ரூபாவைக் காக்கும் 9070 எக்ஸ்டி முந்தும். அச்சேமிப்பு நல்ல யுபிஎஸ் ஒன்றிற்கும் மின்னூட்டுக் கருவிக்கும் உதவும். அதே கணினியிற் செயற்கை நுண்ணறிவோ முப்பரிமாண வரைகலையோ பயில எண்ணும் மாணவர்க்கு முடிவு மாறலாம். என்விடியா 2007இல் வெளியிட்ட கூடா என்னும் நிரலமைப்பை அடிப்படையாகக் கொண்டே அத்துறை மென்பொருள்கள் பல ஆக்கப்பட்டுள்ளமையால், 5070 டிஐக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கல்விச் செலவாகக் கொள்ளத்தக்கது. லினக்சு பயில்வோர்க்கு, நிரல் திறந்து வைக்கப்பட்டுள்ள ஏஎம்டியின் இயக்கி இசைவானது.

பழைய அட்டை வாங்குவோர் ஒன்றை அறிதல் நன்று. எதீரியம் என்னும் மின்னாணயத்தை அட்டைகளாற் கணித்து ஈட்டும் முறை 2022 செப்தெம்பர் 15ஆம் நாள் நின்றது. அதுவரை இரவுபகலாக உழைத்த அட்டைகள் பல, சந்தைக்கு வந்தன. விசிறியின் தேய்வையும் செருகியின் நிறமாற்றத்தையும் பார்த்து, விற்பவர் முன்னிலையில் அரைமணி நேரமேனும் முழு வலுவில் இயக்கிய பின்னரே அத்தகையதைப் பெறுதல் வேண்டும்.

எந்த அட்டையை வாங்கினும் இரு வழக்கங்கள் பயன்தரும். திரை காட்டவல்ல அளவிற்கு மேற்படாதவாறு படவெண்ணிற்கு வரம்பிடுதல் ஒன்று. அட்டையின் மின்வலுவை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தல் மற்றொன்று. பின்னதனால் வேகம் சில விழுக்காடே குறையும்; வெப்பமும் கட்டணமும் அதனினும் மிகக் குறையும். இவ்விரண்டிற்கும் வேண்டிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது.

உச்சியில் நிற்கும் அட்டை எது என்னும் வினாவிற்கு விடை ஒன்றே, 5090. தமக்குத் தக்க அட்டை எது என்னும் வினாவிற்கோ திரையையும், மாத மின்சிட்டையையும், சாளரம் நோக்கும் திசையையும் பார்த்த பின்னரே விடை கூறலாம். முதல் வினாவிற்கு விடை தருவோர் உலகெங்கும் உளர். இரண்டாவதற்கு விடை காண்போர் அவ்வீட்டாரே. மகன் கேட்கும் அட்டையின் பெயரைத் தந்தையும், தந்தை செலுத்தும் மின்கட்டணத்தின் அளவை மகனும் அறிந்திருப்பின் அவ்விடை பிழையாகாது.